குடியை நிறுத்த முடிவெடுத்தாயிற்று, இனி எந்தக் கூட்டத்துக்குப் போவது?

குடியை நிறுத்தணும் என்று ஒருவர் வாயைத் திறந்து சொல்லிவிட்டால், அன்று ராத்திரியே வீட்டில் ஆளுக்கொரு யோசனை கிளம்பும். மாமியார் குலதெய்வக் கோயிலில் கயிறு கட்டச் சொல்வார். மச்சான் ஏதோ ஒரு மறுவாழ்வு இல்லத்தின் போன் நம்பரை நீட்டுவார். தங்கை செல்போனைத் தடவிவிட்டு, ஆன்லைனிலேயே மீட்டிங் நடக்கிறதாம் என்பாள். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இவை ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று வைக்கக்கூடியவை அல்ல, ஒவ்வொன்றும் வேறு வேலை செய்கிறது. அது தெரியாமல் கையில் கிடைத்த ஒன்றைப் பிடித்து, அது பலிக்கவில்லை என்றதும் 'இவனுக்கு எதுவும் சரிப்படாது' என்று வீடே கைவிடுவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால்தான் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நினைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்தில் இரண்டு மூன்று தடவை போய்வரக்கூடிய தூரத்தில், தமிழில் நடக்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு) கூட்டம் ஒன்று இருந்தால் பெரும்பாலானவர்கள் அங்கே தொடங்கலாம். அந்தத் திட்டத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காசு கேட்காமல், பெயரைக் கூடப் பதிவு செய்யாமல், பல வருஷம் கழித்தும் கதவு திறந்திருக்கிற ஏற்பாடு நம் ஊர்களில் வேறு அதிகம் இல்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் இந்தியாவில் 5.7 கோடி பேர். மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேரும் ஆஸ்பத்திரிக் கட்டில் காலியாகும் வரை காத்திருக்க முடியாது.

கூட்டத்துக்கு முன்னால் டாக்டர்

தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்கி ஒரு கட்டிங் போட்டால்தான் நடுக்கம் நிற்கிறது என்கிற நிலையில் இருப்பவர், வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, சுவரில் பூச்சி ஓடுகிறது என்று பயந்து எழுந்து ஓடுவது, காய்ச்சல், வியர்வை என்று முற்றிவிடலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். வீட்டார் பல சமயம் இதைப் பேய் பிடித்தது என்று நினைத்து நேரத்தைக் கோட்டைவிடுகிறார்கள். எந்தக் கூட்டமும், எவ்வளவு அன்பான கூட்டமாக இருந்தாலும், இதைத் தாங்காது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்து அந்த முதல் வாரத்தைக் கடத்திவிடுவார்கள். அதற்கப்புறம்தான் கூட்டம் என்ற பேச்சே.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மாத்திரையைத் தேடி மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள். அப்படிக் கலக்கப்படும் டைசல்ஃபிராம் என்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து, ஆபத்தாகவே முடியலாம். அது டாக்டர் பரிசோதித்து, சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு சாப்பிட வேண்டிய மருந்து.

கயிறும் மாலையும்

படித்தவர்கள் இதைச் சிரித்துத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மாலை போட்டு 48 நாள் ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருந்த எத்தனையோ பேரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த விரதத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விடியற்காலைக் குளியல், தனி உடை, ஊரே 'சாமி' என்று கூப்பிடும் மரியாதை, சாயங்காலம் பஜனைக்குக் கூடும் ஆட்கள். டாஸ்மாக் பக்கம் போனால் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். ஒரு மனிதனைக் குடிக்காமல் வைத்திருக்கத் தேவையான பலதும் அதில் இருக்கிறது. 49ஆம் நாள்தான் அதில் இல்லை. மாலையைக் கழற்றியதும் உடையும் போகிறது, மரியாதையும் போகிறது, சாயங்காலக் கூட்டமும் கலைந்துபோகிறது. சில பேருக்கு மலையிலிருந்து இறங்கும் வழியிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

ஆகவே கயிறு கட்ட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நம்பிக்கை உள்ளவருக்கு அது நல்ல தொடக்கம். கயிறு இருக்கும்போதே ஒரு கூட்டத்துக்குப் போகப் பழகிவிட வேண்டும் என்பேன். தெளிந்த மனதோடு இருக்கிற அந்த நாட்களில் புது இடத்துக்குப் போவது சுலபம். (தினமும் குடிப்பவர் மாலை போடுவதற்கு முன்னாலும் டாக்டரைப் பார்த்தே தீர வேண்டும். வலிப்பு விரதத்தைப் பார்த்து ஒதுங்காது.)

ஏ.ஏ. கூட்டம்: உள்ளே என்ன நடக்கிறது

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து ஏக்ரன் ஊரில் தொடங்கியது. நியூயார்க்கிலிருந்து வேலையாக வந்த பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரரும் அந்த ஊர் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கினார்கள். இரண்டு பேருமே குடிநோயாளிகள். இன்னொரு குடிநோயாளியோடு மனம்விட்டுப் பேசினால் அன்றைக்குக் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று அவர்கள் கண்டுகொண்டதிலிருந்து வளர்ந்ததுதான் மற்றதெல்லாம். இந்தியாவுக்கு 1957இல் வந்தது.

கூட்டம் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். பள்ளிக்கூட வகுப்பறை, சமூகக் கூடம், சர்ச் வளாகத்தில் ஓர் அறை என்று எங்காவது நடக்கும். ஒவ்வொருவராக "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லித் தன் கதையைப் பகிர்வார்கள். குறுக்கே யாரும் பேச மாட்டார்கள், அறிவுரையும் வராது. புதிதாக வந்தவர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு வரலாம். கடைசியில் ஒரு பை சுற்றிவரும், உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள். புது ஆள் போட வேண்டும் என்றில்லை. வெளியாட்களின் நன்கொடையை அவர்கள் வாங்குவதும் இல்லை. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம்.

இதை மற்ற வழிகளோடு ஒப்பிடும்போது எனக்கு முதலில் கண்ணில் படுவது இந்த விருப்பம் என்ற நிபந்தனைதான். நிறுத்தியிருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நேற்றுக் குடித்துவிட்டு இன்று வரலாம், வருஷக்கணக்கில் நிறுத்தி மறுபடி சறுக்கியவரும் அதே நாற்காலியில் வந்து உட்காரலாம். வெளியாட்களும் உட்காரக்கூடிய திறந்த கூட்டங்களில் நான் கூட உட்கார்ந்து கேட்டவரையில், திரும்பி வந்தவரைப் பார்த்து யாரும் முகம் சுளித்ததில்லை. குடும்பம், வேலை, நண்பர்கள் என்று எல்லா இடத்திலும் வாய்ப்பு தீர்ந்துபோன ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம் ஸ்பான்சர். சில வருஷம் குடிக்காமல் இருக்கும் மூத்த உறுப்பினர் ஒருவர் புதியவருக்குத் துணையாக இருப்பார், அவர் நம்பர் கையில் இருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு நாக்கு வறண்டு, டாஸ்மாக் மூட இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது என்று மனசு கணக்குப் போடும்போது மனநல ஆலோசகரின் ஆபீஸ் பூட்டியிருக்கும். அந்த நேரத்தில் போனை எடுப்பவர் ஸ்பான்சர்தான்.

தயக்கங்களும் உண்டு, நியாயமானவை. ஏ.ஏ. பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் கடவுளும் மேலான சக்தியும் வருகிறது, கூட்டத்தில் பிரார்த்தனையும் இருக்கும். பகுத்தறிவு வழியில் வளர்ந்தவருக்கு இது உறுத்தும். 'நாம் புரிந்துகொண்ட விதத்தில் கடவுள்' என்றுதான் அந்தப் படிகளிலேயே இருக்கிறது. அந்தக் கூட்டத்தையே தன்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் தெளிவாக இருக்கும் நாத்திகர்களும் உண்டு. இதற்கு நேர் எதிரான பயம் வேறு சில வீடுகளில் வரும்: சர்ச்சில் நடக்கிறதே, மதம் மாற்றிவிடுவார்களோ என்று. ஏ.ஏ. எந்த மதத்தோடும் சேர்ந்ததில்லை, அந்த அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பயன் உண்டா என்ற கேள்விக்கு இன்று ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சையாளர் முறையாக ஏ.ஏ.வோடு இணைத்துவிட்டவர்களில் ஒரு வருஷம் கழித்து முழுசாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம். வேறு நிலைபெற்ற சிகிச்சைகளில் அது 35 சதவீதம். வித்தியாசம் பெரிதில்லை என்று தோன்றலாம், ஆனால் இலவசமாகக் கிடைக்கிற ஒன்று காசு கொடுத்துப் பெறும் சிகிச்சைக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலாகவோ நிற்கிறது. இதில் நான் அடிக்கோடிடுவது 'இணைத்துவிட்டவர்கள்' என்பதை. 'அங்கே ஒரு கூட்டம் நடக்குது, போய்ப் பாருங்க' என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பது வேறு. கூட்டிக்கொண்டு போய் ஆளை அறிமுகம் செய்து, அடுத்த வாரம் போனீர்களா என்று கேட்பது வேறு. வீட்டில் ஒருவராவது இந்த இரண்டாவது வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பக்கத்து ஊரா, சொந்த ஊரா?

சின்ன ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கூட்டத்தில் பெயர் மட்டும்தான், வெளியே எதுவும் போகாது என்றாலும், வண்டி வாசலில் நிற்பதை ஊர் பார்க்கும். அதனால் பக்கத்து டவுனுக்குப் போகலாம் என்று தோன்றும். முதல் சில வாரம் அப்படிப் போவது நல்லதுதான். பழகும் வரைக்கும் கூச்சம் குறையட்டும். ஆனால் தூரம் என்பது கடைசி பஸ், மழை, ஓவர்டைம், குழந்தைக்குக் காய்ச்சல் என்று வாராவாரம் ஒரு சாக்கைக் கொண்டுவந்து நிறுத்தும். குடித்துக்கொண்டிருந்தபோது ரோட்டோரம் விழுந்து கிடந்ததை ஊர் பார்த்தாயிற்று. தெளிவாக ஒரு வாசலில் ஏறுவதைப் பார்க்கட்டுமே என்பதுதான் என் வாதம். கொஞ்ச நாளில் பக்கத்திலேயே இருக்கிற குழுவைத் தன் குழுவாக ஆக்கிக்கொள்வதே நிலைக்கும். வங்கி அதிகாரி, ஆசிரியர் போன்றவர்களுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் உண்மையானது, அவர்கள் தூரத்தைத் தேர்ந்தெடுத்தால் குறை சொல்ல முடியாது.

தூரத்துக்கு அடுத்து கிழமை. சனிக்கிழமை கூலி வாங்கும் கொத்தனாருக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கும் புதன்கிழமைக் கூட்டம் பாதிதான் உதவும். கையில் பணம் வரும் சாயங்காலத்தில் நடக்கும் கூட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். ஞாயிறு மதியக் கறிச்சோறோடு குடித்துப் பழகியவருக்கு ஞாயிறு. ஆரம்பத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்று ஏ.ஏ.காரர்கள் சொல்வார்கள். சென்னை, கோவை மாதிரி ஊர்களில் வெவ்வேறு பேட்டைகளின் குழுக்களைச் சேர்த்தால் அது முடியும். மற்ற இடங்களில் முடியாது, அங்கே மீதி நாட்களை நிரப்ப ஆன்லைன் கை கொடுக்கும்.

ஆன்லைன் கூட்டம்

கொரோனா ஊரடங்கில் வேறு வழியில்லாமல் பரவியது, இன்று பலருக்கு நிரந்தரமாகிவிட்டது. நைட் ஷிஃப்ட் பார்ப்பவர், வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ தனியாக இருக்கும் தமிழர், கால் ஒடிந்து படுத்திருப்பவர், இவர்களுக்கெல்லாம் இது பெரிய வரம். பெண்களுக்கு இன்னும் அதிகம். அதே 2019 ஆய்வில் குடிப்பவர்கள் ஆண்களில் 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம். குடிநோயில் விழுந்த ஒரு பெண், அறை முழுக்க ஆண்கள் இருக்கும் கூட்டத்துக்குள் தனியாக நுழைவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். பெண்களுக்கு மட்டுமான ஆன்லைன் கூட்டத்தில் தொடங்கி, அங்கே பழகிய ஒருத்தியோடு நேரில் போகலாம்.

குறை என்னவென்றால் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். மூச்சில் வாசம் அடிப்பது யாருக்கும் தெரியாது. கூட்டம் முடிந்ததும் வாசலில் நின்று டீ குடித்தபடி பேசும் அந்தக் கால் மணி நேரமும் கிடையாது, பல சமயம் உண்மையான பேச்சு அங்கேதான் நடக்கும். நேரில் போக முடிந்தவர் ஆன்லைனை மட்டும் நம்பக் கூடாது என்பது என் எண்ணம்.

ஸ்மார்ட் ரிகவரியும் மருத்துவமனைக் குழுக்களும்

கடவுள் பேச்சு சுத்தமாக ஒத்துவராதவர்களுக்கு 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி இருக்கிறது. இங்கே 'நான் குடிநோயாளி' என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் கூட்டத்தை நடத்துவார். குடி ஆசை எழும்போது என்ன செய்வது, அதைத் தூண்டும் எண்ணத்தை எப்படிப் பிடிப்பது என்று பாடம் மாதிரி போகும், கலந்து பேசவும் செய்வார்கள். நோட்டில் எழுதிப் பார்த்து யோசிக்கிறவர்களுக்குப் பொருந்தும். ஆங்கிலம் சரளமாக வராதவருக்குச் சிரமம்.

மருத்துவமனைகள் நடத்தும் தொடர் கவனிப்புக் குழுக்களில் சென்னையின் டிடிகே மருத்துவமனையைச் சொல்லாமல் முடியாது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கியது. குடிப்பவரோடு குடும்பத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை கொடுக்கும் முறையை இங்கே வேரூன்ற வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம் போட்டும் வைத்தியம் பார்த்தார்கள். இப்படிப்பட்ட குழுக்களில் டாக்டர் பக்கத்திலேயே இருப்பார், மனச்சோர்வு, தூக்கமின்மை என்று கூடவே வரும் நோய்களையும் கவனிப்பார். தூரமும், பகல் நேரத்தில் லீவு போட்டு வர வேண்டியிருப்பதும்தான் இடைஞ்சல். மனநோயும் சேர்ந்து இருப்பவருக்கு இதுதான் முதல் தேர்வு, ஏ.ஏ. கூடுதல் துணை.

தனியார் மறுவாழ்வு இல்லங்களைப் பற்றிச் சுருக்கமாக: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இவை மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், டாக்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்று கேளுங்கள், குடும்பம் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். ராத்திரியில் வேன் அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்பவர்களிடம் விடாதீர்கள். நல்ல இல்லமாகவே இருந்தாலும், வெளியே வந்த அன்றைக்குப் போக ஒரு கூட்டம் தயாராக இல்லாவிட்டால் கட்டிய பணம் வீண்.

குடும்பத்துக்குத் தனியாக

குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவியோ அம்மாவோ அப்பாவோ போகலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கிய அல்-அனான் குடும்பத்தாருக்கானது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் உண்டு. புருஷனை எப்படித் திருத்துவது என்று அங்கே சொல்லித்தர மாட்டார்கள். பாட்டிலை ஒளிப்பது, ஆபீசுக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்வது, ராத்திரி முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, இதிலெல்லாம் கரைந்துபோன தன் உயிரை மீட்டுக்கொள்ளத்தான் கற்றுக்கொள்வார்கள். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். வீட்டில் அடி விழுகிறது என்றால் கூட்டத்துக்கு முன்னால் பாதுகாப்பு, பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள்.

தேடுவதும் முதல் போனும்

14446 என்ற அரசின் இலவச எண்ணில் பக்கத்துச் சிகிச்சை மையத்தைக் கேட்கலாம். 14416 அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், எந்நேரமும் தமிழில் பேசலாம். ஏ.ஏ. குழுக்களின் இடமும் நேரமும் அவர்களுடைய இந்திய இணையதளத்தில் இருக்கும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் கேட்கலாம். போட்டிருக்கும் நேரம் மாறியிருக்கலாம் என்பதால் கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

ஒரே குழுவைப் பார்த்துவிட்டு முடிவு கட்ட வேண்டாம். ஒரு குழுவில் வயதானவர்கள் அதிகம், இன்னொன்றில் இளைஞர்கள், ஒன்றில் ஒருவரே அரை மணி நேரம் பேசுவார். உங்கள் மாதிரி வாழ்க்கை உள்ள ஒருவராவது இருக்கிறாரா என்று பார்த்து நாலைந்து குழுவுக்குப் போய்விட்டுத் தேர்ந்தெடுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், கடன் கேட்கிறவர், புதிதாக வந்த பெண்ணிடம் வழிகிறவர் இருந்தால் வேறு குழுவுக்கு மாறிவிடுங்கள். மருந்து விஷயத்தில் தலையிடுவது ஏ.ஏ.வின் வழக்கமே இல்லை.

போனில் மூன்று கேளுங்கள். தமிழில்தான் நடக்கிறதா? கூட வருகிறவரும் உட்காரக்கூடிய திறந்த கூட்டமா, குடிநோயாளிகள் மட்டும் உட்காரும் மூடிய கூட்டமா? முதல் தடவை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அழைத்துப்போக யாராவது இருக்கிறார்களா? மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். புதியவருக்குத் துணை போவதைத் தங்கள் தெளிவுக்கான மருந்தாகவே நினைப்பவர்கள் அவர்கள், பெரும்பாலும் யாராவது வந்து நிற்பார்கள்.